ஒளிப்படமும் உண்மை நிறமும்

நுழையும்முன்

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது தமிழ்ப் பழமொழி. இன்று கண்ணுக்கும் காதுக்கும் உரிய இடத்தைத் திறன்பேசி பிடித்துக்கொண்டது. பழைய மகிழுந்தை வாங்குவோரும் கைவினைப் பொருளை விற்போரும் விபத்தைக் கண்டதாகச் சொல்வோரும் ஒளிப்படத்தையே சான்றாக நீட்டுகின்றனர். அந்தப் படத்தில் உள்ள நிறம் பொருளின் நிறம்தானா? ஒளியும் கருவியும் சேர்ந்து ஒரு நிறத்தை எவ்வாறெல்லாம் மாற்றுகின்றன என்பதைக் கள்ளக்குறிச்சி மண்ணிலிருந்து விளக்குகிறது இப்பாடம்.

வெள்ளிமலைச் சாலையில் ஒரு மகிழுந்து

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019ஆம் ஆண்டு உருவானது கள்ளக்குறிச்சி மாவட்டம். அதன் மேற்கெல்லையில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் செல்லும் சாலை, மலையடிவாரத்தில் உள்ள கோமுகி அணையைக் கடந்து வளைந்து வளைந்து வெள்ளிமலையை அடைகிறது.

அச்சாலையில் வெண்ணிற மகிழுந்து ஒன்று நாள் முழுவதும் பயணம் செய்வதாகக் கொள்வோம். இடையிடையே அது ஒளிப்படம் எடுக்கப்படுகிறது. கதிரவன் எழும் காலையில் அணைக்கரையில் எடுத்த படத்தில் அதன் கதவு இளம்பொன் நிறமாகத் தோன்றுகிறது. நண்பகல் வெயிலில் வெறும் வெண்மையாகிக் கண்ணைக் கூசச் செய்கிறது. மலைச்சரிவின் மரநிழலில் நிறுத்தினால் வெண்மையில் நீலமும் பச்சையும் கலக்கின்றன. கதிரவன் சாயும் எற்பாட்டின் இறுதியில் வெள்ளிமலையில் அது காவி படிந்ததுபோல் காட்சியளிக்கிறது. இரவில் நகருக்குத் திரும்பிச் சோடிய ஆவி விளக்கின்கீழ் நிற்கும்போது அது மஞ்சள் மகிழுந்தாகவே மாறிவிடுகிறது.

வண்ணப்பூச்சு ஒன்றே, படங்கள் ஐந்து, நிறங்களும் ஐந்து. காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை எனப் பொழுதை ஆறாகப் பகுத்த தமிழ் மரபு, ஒவ்வொரு பொழுதுக்கும் தனித்த தோற்றமும் உணர்வும் உண்டு என்பதை அறிந்திருந்தது. அத்தோற்ற மாற்றத்தின் காரணத்தை அறிவியல் விளக்குகிறது.

நிறம் பிறக்கும் இடம்

நிறம் பொருளில் மட்டும் இருப்பதன்று. ஒளி, பொருள், கண் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில்தான் அது பிறக்கிறது. சிவப்பு வண்ணப்பூச்சு என்பது, தன்மேல் விழும் ஒளியில் நீலத்தையும் பச்சையையும் பெரும்பாலும் உட்கொண்டு, சிவப்பைத் திருப்பி அனுப்பும் பூச்சு. விழும் ஒளியில் சிவப்பே இல்லையெனில் திருப்பி அனுப்புவதற்கு அதனிடம் ஒன்றும் இராது; அப்போது அது கருமையாகவே தோன்றும். ஒளி கொடுத்ததைத்தான் பொருள் திருப்பிக் கொடுக்க முடியும்.

ஒளியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வளிமண்டல மூலக்கூறுகள் குறைந்த அலைநீளமுடைய நீல ஒளியை மிகுதியாகவும், நீண்ட அலைநீளமுடைய சிவப்பு ஒளியைக் குறைவாகவும் சிதறடிக்கின்றன. இதனை இராலே சிதறல் என்பர். உச்சிப்பொழுதில் கதிரவனின் ஒளி காற்றுமண்டலத்தைக் குறுகிய வழியில் கடந்துவிடுகிறது. அடிவானத்தில் நிற்கும் கதிரவனின் ஒளியோ அதைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைத் துளைத்துவர வேண்டும். வழியிலேயே நீலம் சிதறிப்போக, வந்துசேர்வது செம்மையும் பொன்மையுமே. சிதறிய நீலம் வானமெங்கும் பரவுகிறது. நேர்வெயில் படாத நிழலுக்கு ஒளி தருவது அந்த வானமே என்பதால் நிழலில் நிற்கும் வெண்பொருளில் நீலம் படிகிறது. மலைக்காட்டின் இலைகளில் பட்டுத் தெறிக்கும் ஒளி அதனோடு பச்சையையும் கலக்கிறது.

ஒளியின் இந்த நிறவேறுபாட்டை அளக்கும் அளவையே நிறவெப்பநிலை. அதன் அலகு கெல்வின். மெழுகுவத்தியின் ஒளி ஏறத்தாழ 1900 கெல்வின். பழைய குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 2800 கெல்வின். நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின். மேகம் மூடிய வானம் ஏறத்தாழ 6500 கெல்வின். தெளிந்த வானத்தின்கீழ் உள்ள நிழல் 7000 கெல்வினுக்கும் மேல். எண் உயர உயர ஒளி நீலத்தை நோக்கியும், குறையக் குறையச் செம்மையை நோக்கியும் நகரும்.

கண்ணின் திருத்தமும் கருவியின் திருத்தமும்

இவ்வளவு மாற்றங்களும் நாள்தோறும் நிகழ்ந்தாலும் மனிதர் அவற்றைப் பெரிதாக உணர்வதில்லை. முற்றத்தில் காயும் வெள்ளை வேட்டி காலையிலும் மாலையிலும் வெள்ளையாகவே தெரிகிறது. சுற்றியுள்ள பொருள்களோடு ஒப்பிட்டு, ஒளியின் நிறத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் மூளை உணர்ந்துகொள்கிறது. இதற்கு நிறமாறாமை என்று பெயர். நேரில் நின்று பார்ப்பவருக்கு வெண்மையாகத் தெரிந்த மகிழுந்து படத்தில் மட்டும் பொன்னிறமாகத் தெரிவதன் காரணம் இதுவே. கண் செய்த கழித்தலைக் கருவி செய்யவில்லை.

கருவியும் அக்கழித்தலைச் செய்ய முயல்கிறது. அதற்கான அமைப்பே வெண்சமநிலை. எது வெண்மை என்று கருவிக்குச் சொல்லிவிட்டால், அதை அடிப்படையாகக் கொண்டு மற்ற நிறங்களை அது சரிசெய்யும். தானியங்கு முறையில் கருவி தானே ஊகிக்கிறது. ஊகம் தவறும்போது நிறமும் தவறுகிறது. வெயிலில் நிற்கும் வெண்ணிற மகிழுந்தைக் குண்டு பல்புக்குரிய அமைப்பில் எடுத்தால், கருவி இல்லாத மஞ்சளைக் குறைப்பதாக எண்ணி நீலத்தைக் கூட்டிவிடும், மகிழுந்து வெளிர்நீலமாகும். அதே வெயிலில் நிழலுக்குரிய அமைப்பை வைத்தால் அது மஞ்சள் பூசிக்கொள்ளும். ஒரே மகிழுந்தைச் செம்மண் தரையின் பின்னணியிலும் பசுங்காட்டின் பின்னணியிலும் எடுக்கும்போது, தானியங்கு முறை இரண்டு வெவ்வேறு வெண்மைகளைக் காட்டுவதும் உண்டு.

2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் ஆடையின் ஒளிப்படம் உலகமெங்கும் விவாதத்தை எழுப்பியது. சிலர் அதை வெண்மையும் பொன்னிறமும் கொண்டதாகக் கண்டனர்; சிலர் நீலமும் கருமையும் கொண்டதாகக் கண்டனர். உண்மையில் அது நீலமும் கருமையும் கொண்ட ஆடை. எவ்வகை ஒளியில் அது எடுக்கப்பட்டது என்பதற்குப் படத்தில் தெளிவான குறிப்பு இல்லை. ஆகவே ஒவ்வொருவரின் மூளையும் ஓர் ஒளியை ஊகித்துக்கொண்டு அதற்கேற்பக் கழித்தது. ஒளியை அறியாமல் படத்தின் நிறத்தைத் தீர்மானிக்க இயலாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

தெரியுமா?

முதல் வண்ண ஒளிப்படத்தை உருவாக்கிக் காட்டியவர் இயற்பியலறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1861ஆம் ஆண்டு, வண்ணக் கட்டமிட்ட நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே தனித்தனியாகப் படமெடுக்கச் செய்து, மூன்றையும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தி வண்ணத்தைக் காட்டினார். இன்றைய திறன்பேசியும் அவ்வழியையே பின்பற்றுகிறது. அதன் உணரியின்மீது நுண்ணிய வண்ண வடிகட்டிகள் பதிக்கப்பட்டுள்ளன. நான்கு கட்டங்களுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்னும் பரவலான அமைப்பை வகுத்தவர் பிரைஸ் பேயர். அதற்கான காப்புரிமை 1976ஆம் ஆண்டு வழங்கப்பட்டது.

வெண்மை சாம்பலாவதும் கருமை வெளிறுவதும்

நிறத்தை மாற்றுவதில் ஒளியின் தன்மைக்கு நிகரான பங்கு ஒளியின் அளவுக்கும் உண்டு. உணரியின்மேல் விழும் ஒளியின் அளவை ஒளிபடு அளவு என்பர். வில்லைத் துளையின் அகலம், திரை திறந்திருக்கும் நேரம் ஆகிய இரண்டும் அதனை முடிவு செய்கின்றன. உணரியின் உணர்திறன் அமைப்பு படத்தின் பொலிவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

கருவியிலுள்ள ஒளிமானி, தன் முன்னுள்ள காட்சி இடைநிலைச் சாம்பல் நிறத்தது என்று பொதுவாகக் கருதிக்கொள்கிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பலே அந்த இடைநிலை. வெண்ணிற மகிழுந்து படம் முழுவதையும் நிறைத்து நின்றால், ஒளி மிகுந்துவிட்டது என்று முடிவு செய்து கருவி அதைக் குறைக்கிறது, வெண்மை சாம்பலாகிறது. கருநிற மகிழுந்து நிறைத்து நின்றால் ஒளி போதவில்லை என்று எண்ணிக் கூட்டுகிறது. கருமை வெளிறிச் சாம்பலாகிறது. இரு மகிழுந்துகளும் படத்தில் ஏறத்தாழ ஒரே நிறமாகிவிடுகின்றன. இக்காலத் திறன்பேசிகள் காட்சியை ஆராய்ந்து இப்பிழையைக் குறைக்கின்றன. எனினும் முற்றிலும் நீக்கிவிடவில்லை. வெண்பொருளை எடுக்கையில் ஒளிபடு அளவைச் சற்றுக் கூட்டியும், கரும்பொருளை எடுக்கையில் சற்றுக் குறைத்தும் வைப்பது படக்கலைஞர் வழக்கம்.

சிவப்பு நிறத்தின் நிலை இன்னும் நுட்பமானது. ஒளி குறைந்தால் செந்நிற மகிழுந்து அரக்கு நிறமாகிறது. ஒளி மிகுந்தால் சிவப்புக்குரிய உணர்கட்டங்கள் தம் எல்லையை எட்டி நின்றுவிட, பச்சையும் நீலமும் மட்டும் மேலும் உயர்ந்து, சிவப்பு இளஞ்சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ வெளிறிப்போகிறது.

பூச்சின் அடுக்குகள்

சுவரின் சுண்ணாம்பைப் போன்றதன்று மகிழுந்தின் பூச்சு. அடிப்பூச்சு, வண்ணப்பூச்சு, அவற்றின்மேல் கண்ணாடிபோல் ஒளிரும் தெளிபூச்சு எனப் பல அடுக்குகள் கொண்டது அது. உலோகப்பொலிவுள்ள பூச்சுகளில் அலுமினியத்தின் நுண்செதில்கள் கலந்திருக்கும். அவை சிறு கண்ணாடிகளைப்போல் ஒளியை ஒரு திசையில் தெறிக்கின்றன. நேர்நின்று பார்க்கையில் பளிச்சென்றும், சாய்ந்து பார்க்கையில் இருண்டும் தெரிவது அதனாலேயே. முத்துப்பொலிவுள்ள பூச்சுகளிலோ, மெல்லிய ஆக்சைடு படலம் பூசப்பட்ட அப்பிரகத் துகள்கள் உள்ளன. படலத்தின் மேற்புறத்தும் அடிப்புறத்தும் தெறிக்கும் ஒளியலைகள் குறுக்கீட்டு விளைவால் கூடியும் குலைந்தும் கோணத்திற்கு ஒரு நிறம் காட்டுகின்றன. சோப்புக் குமிழியில் வானவில் தோன்றுவதும் இவ்விளைவினால்தான்.

தெளிபூச்சு சுற்றுப்புறத்தையும் பிரதிபலிக்கிறது. படத்தில் மகிழுந்தின் நிறம் என்று தோன்றுவதில் ஒரு பகுதி வானத்தின் நிறம். ஒரு பகுதி தரையின் நிறம். இந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கத் தளவிளைவு வடிகட்டி பயன்படுகிறது. குறிப்பிட்ட கோணத்தில் பளபளப்பான பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளி தளவிளைவுற்றிருக்கும். வடிகட்டியைத் தக்கவாறு திருப்பினால் அவ்வொளி தடுக்கப்பட்டு, அடியிலுள்ள உண்மை நிறம் வெளிப்படும்.

இவ்வழியைப் பெரியதோர் ஆய்வுக்குப் பயன்படுத்தியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்னும் கருத்து அக்காலத்தில் நிலவியது. 1921ஆம் ஆண்டு கப்பற்பயணத்தின்போது அவர் ஒரு நிக்கல் பட்டகத்தின் வழியே கடலை நோக்கினார். நிக்கல் பட்டகம் என்பது ஒளியைத் தளவிளைவுறச் செய்யும் படிகக் கருவி. மேற்பரப்பின் பிரதிபலிப்பை அதனால் விலக்கிய பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. நீர் மூலக்கூறுகளின் ஒளிச்சிதறலுக்கும் அந்நீலத்தில் பங்குண்டு என்பதை அவர் நிறுவ முயன்றார். அவ்வழியே தொடர்ந்த ஆய்வுகள் 1928ஆம் ஆண்டு இராமன் விளைவைக் கண்டறிவதில் சென்று முடிந்தன. கண்ட நிறத்தை அப்படியே நம்பாமல், ‘எது பொருளின் நிறம், எது அதன்மேல் படிந்த ஒளி?’ என்று கேட்டதில் தொடங்கிய ஆய்வு அது.

நிறம் சான்றாகும்போது

இவ்வேறுபாடுகள் அழகைப் பற்றியன மட்டுமல்ல. பொருளிழப்புக்கும் நீதிக்கும் தொடர்புடையவை. பழைய மகிழுந்து ஒன்று விபத்துக்குள்ளாகி, அதன் ஒரு கதவு மட்டும் பட்டறையில் மறுபூச்சுப் பெற்றதாகக் கொள்வோம். இரு பூச்சுகள் ஓர் ஒளியில் ஒன்றுபோலவும் மற்றோர் ஒளியில் வேறுபட்டும் தோன்றக்கூடும். மேகம் மூடிய நாளில், ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் அக்கதவு தெரியாமலே போகலாம்; நேர்வெயிலில் கோணம் மாற்றிப் பார்த்தால் வேறுபாடு வெளிப்படலாம். வெயிலில் மங்கிய பூச்சையும் மாலைப் பொன்னொளி புதிதுபோல் காட்டிவிடும். படத்தை மட்டும் நம்பிப் பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுப்பவர் இழப்பது சிறிதன்று.

வாகனப் பதிவுச் சான்றில் வாகனத்தின் நிறமும் குறிக்கப்படுகிறது. நிறத்தை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். வாகனத்தை அடையாளம் காண நிறம் உதவுகிறது என்பதே இதன் காரணம். ஆனால் சோடிய ஆவி விளக்கின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள். அதன்கீழ் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகத் தெரியும். கருநீலமும் கருமையும் வேறுபடா. இருளில் அகச்சிவப்பு ஒளியால் இயங்கும் கண்காணிப்புக் கருவியின் படத்திலோ நிறமே இராது. கண்ணுக்குக் கருமையாகத் தெரியும் சில துணிகள் அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால் அதில் வெளிறித் தோன்றும். இரவில் சாலையோரம் நின்றவர், ‘மோதிச் சென்றது மஞ்சள் வண்டி’ என்று உண்மையாகவே நம்பிச் சொல்லலாம். எந்த விளக்கின்கீழ் கண்டார் என்று கேட்காமல் அச்சொல்லை ஏற்றால் குற்றமற்றவர்மேல் பழி விழக்கூடும்.

கைவினையின் நிறம்

மகிழுந்துக்குச் சொன்னது மரத்திற்கும் பொருந்தும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. ஊர்ப்பெயரே தரத்தின் அடையாளமாக நிற்கும் பெருமை அது. தொலைவிலுள்ளோர் படம் பார்த்துப் பொருள் வாங்கும் காலத்தில், கைவினைஞரின் உழைப்புக்கு அவருடைய ஒளிப்படமே முகமாகிறது. மஞ்சள் விளக்கின்கீழ் எடுத்த படத்தில் வெளிர்மரமும் தேக்கின் செம்மை பெறும். வாங்கியவர் பெட்டியைத் திறந்து, ‘படத்தில் கண்ட நிறம் இதுவன்று’ என்று திருப்பி அனுப்பினால், நாள்கணக்கில் உளி பிடித்த கைக்கு இழப்பு; செய்யாத பிழைக்கு அவப்பெயர். மரத்தின் வரிகளும் உளிச்செதுக்கலின் ஆழமும் ஒரு பக்கமிருந்து வரும் மென்மையான ஒளியில் தெளிவுறும். அவ்வொளி வெண்மையாக இருப்பின் நிறமும் பிழையாது.

உண்மைக்கு அருகில் செல்லும் வழிகள்

எந்த ஒளிப்படமும் நிறத்தை முழுதுறப் பதிவு செய்துவிடாது. பிழையைக் குறைக்க வழிகள் உண்டு. கலப்பு ஒளியைத் தவிர்த்து ஒரே வகை ஒளியில் படமெடுத்தல் முதலாவது. சன்னல் வெளிச்சமும் குண்டு பல்பும் சேர்ந்து விழும் இடத்தில் எந்த வெண்சமநிலையும் முழுமையாகப் பயன்படாது. நடுநிலைச் சாம்பல் அட்டை ஒன்றைப் பொருளருகே வைத்து ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டு வெண்சமநிலையை நிலைப்படுத்துதல் இரண்டாவது. ஒரே பொருளைப் பல கோணங்களிலும், இயன்றால் வெயிலிலும் நிழலிலுமாக இரு ஒளிகளிலும் எடுத்துக் காட்டுதல் மூன்றாவது. படத்தை எடுத்தபின் நிறத்தைக் கூட்டி மெருகேற்றாமல் விடுதல் நான்காவது. எந்தப் பொழுதில், எந்த ஒளியில் எடுத்த படம் என்று உடன் குறித்தல் ஐந்தாவது.

வண்ணப்பூச்சுத் தொழிலாளர் இவ்வுண்மையைப் பட்டறிவால் அறிந்தவர்கள். உற்பத்தி நிறுவனம் ஒவ்வொரு பூச்சுக்கும் தந்துள்ள நிறக்குறியீட்டைக் கொண்டே வண்ணம் கலப்பர். பின்னர் சிறு தகட்டில் பூசி, பகல் வெளிச்சத்தில் வண்டியோடு வைத்து ஒப்பிட்டபின்னரே வேலையைத் தொடங்குவர். படத்தை மட்டும் பார்த்து வண்ணம் கலக்கும் தேர்ந்த தொழிலாளர் இலர்.

தொல்காப்பியம் உவமையின் அடிப்படைகளாக வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கைக் கூறுகிறது. மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். வடிவத்தைத் தொட்டும் அறியலாம். நிறத்தை அறிய ஒளி வேண்டும். ஆகவே ஓர் ஒளிப்படத்தைக் காண்பவர், ‘இது என்ன நிறம்?’ என்று கேட்குமுன், ‘எந்த ஒளியில்?’ என்று கேட்க வேண்டும். படத்தைக் காட்டுபவர் அக்கேள்விக்குரிய விடையை மறைக்காமல் தர வேண்டும். தீர விசாரித்தல் என்பது ஒளிப்படத்தைப் பொறுத்தவரை இதுவே.

கலைச்சொல் அறிவோம்

நிறவெப்பநிலை – ஒளி செம்மை சார்ந்ததா நீலம் சார்ந்ததா என்பதைக் கெல்வினில் குறிக்கும் அளவு
வெண்சமநிலை – ஒளியின் நிறத்தை ஈடுசெய்து வெண்மையை வெண்மையாகக் காட்டும் கருவி அமைப்பு
ஒளிபடு அளவு – படமெடுக்கும்போது உணரியின்மேல் விழும் ஒளியின் அளவு
நிறமாறாமை – ஒளி மாறினும் பொருளின் நிறத்தை ஒன்றாகவே உணரும் மூளையின் திறன்
தெளிபூச்சு – வண்ணப்பூச்சின்மேல் காப்புக்காகவும் பொலிவுக்காகவும் இடப்படும் நிறமற்ற பூச்சு

கற்பவை கற்றபின்

1. வெள்ளைத்தாள் ஒன்றைக் காலை, நண்பகல், மாலை ஆகிய பொழுதுகளில் ஒரே இடத்தில் வைத்துப் படமெடுத்து, நிறவேறுபாட்டை வகுப்பறையில் ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊரில் உள்ள கைவினைஞர் ஒருவரின் படைப்பைத் தக்க ஒளியில் படமெடுத்து, ஒளி, பொழுது, மூலப்பொருள் ஆகிய குறிப்புகளுடன் விளம்பரம் ஒன்றை உருவாக்குக.
3. வாகனங்களுக்கு வண்ணம் பூசும் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்து வருக.

மதிப்பீடு

குறுவினா
1. நிழலில் நிற்கும் வெண்ணிறப் பொருளில் நீலம் படிவதன் காரணம் யாது?
2. நிறமாறாமை என்றால் என்ன?

சிறுவினா
1. வெண்ணிற மகிழுந்தும் கருநிற மகிழுந்தும் ஒளிப்படத்தில் சாம்பல் நிறமாகத் தோன்றுவது ஏன்? விளக்குக.
2. கடலின் நீலம் குறித்துச் சர் சி.வி. இராமன் மேற்கொண்ட ஆய்வைத் தளவிளைவு வடிகட்டியின் பயனோடு ஒப்பிடுக.

நெடுவினா
‘ஒளிப்படம் சான்றாக வேண்டுமெனில் ஒளியும் சொல்லப்பட வேண்டும்’ – இக்கருத்தைப் பாடப்பகுதிவழி நிறுவுக.